ஐரோப்பிய நிதி யாருக்கு? எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில் எராஸ்மஸ் பிளஸ், கிரியேட்டிவ் யூரோப் ஆகிய இரண்டு ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். முதலாவது கல்வி, தொழிற்பயிற்சி, இளையோர், விளையாட்டு ஆகியவற்றுக்கானது. 2021 முதல் 2027 வரை அதற்குச் சுமார் 2,620 கோடி யூரோ. இரண்டாவது கலை, பண்பாடு, திரைத்துறைக்கானது. அதே காலத்துக்குச் சுமார் 244 கோடி யூரோ. வந்த கடிதங்களில் பாதி, “எங்களுக்குப் பணம் தேவை, தருவார்களா?” என்றே தொடங்கின. விண்ணப்பத்தைப் படித்து மதிப்பெண் போடுபவர் தேவையை மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று நாட்டுக்காரர்கள் கூடி என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்பதைத்தான் முதலில் தேடுவார். இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

எங்கள் சங்கம் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறது. தொண்ணூறு பிள்ளைகள். மண்டப வாடகைக்கும் பாடநூலுக்கும் எராஸ்மஸில் விண்ணப்பிக்கலாமா? – சங்கச் செயலாளர், டோர்ட்மண்ட்

வாடகைக்கும் நூல் வாங்கவும் கிடைக்காது. நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தாங்கிப்பிடிக்கும் நிதி அல்ல இது. அதற்கு உங்கள் நகரசபையின் பண்பாட்டு அலுவலகமே சரியான இடம்.

ஆசிரியர்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பிரிவிலும் உங்களுக்குச் சிக்கல் உண்டு. அதில் பள்ளி என்றால் அரசு அங்கீகரித்த பொதுக்கல்விப் பள்ளி. வார இறுதித் தாய்மொழிப் பள்ளி பொதுவாக அந்த வரையறைக்குள் வராது. ஆனால் ‘சிறு கூட்டாண்மை’ என்ற பிரிவில் பதிவுபெற்ற சங்கம் தாராளமாக விண்ணப்பிக்கலாம். புதிதாக வருபவர்களுக்காகவே திறந்த கதவு அது. குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு அமைப்புகள் இருந்தால் போதும். காலம் 6 முதல் 24 மாதம். தொகை இரண்டே வகைதான்: 30,000 யூரோ அல்லது 60,000 யூரோ. இடையில் எதுவும் இல்லை.

ஒஸ்லோவில் உங்களைப் போன்ற ஒரு பள்ளி இருக்கிறது என்று வையுங்கள். நார்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் திட்டத்தில் முழு உறுப்பு நாடு. வீட்டில் ஜெர்மனோ நார்வீஜியனோ பேசி வளரும் பிள்ளைக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது எப்படி என்பது இரு பள்ளிக்கும் பொதுவான தலைவலி. இது திட்டத்துக்கு ஏற்ற விஷயம். 12 மாதம், 30,000 யூரோ என்றால் கணக்கு ஏறத்தாழ இப்படிப் போகலாம். நிர்வாகம், கணக்குவழக்கு, இணையக் கூட்டங்களுக்கு 4,000. டோர்ட்மண்டில் மூன்று நாள் ஆசிரியர் பட்டறை, ஒஸ்லோவிலிருந்து ஆறு பேர் வந்து தங்கிப் போக 6,500. அடுத்தது ஒஸ்லோவில், அங்கே விலைவாசி கூடுதல் என்பதால் 7,500. பத்துப் பாட அலகுகள் எழுத, படம் வரைய, ஒலிப்பதிவு செய்ய 9,000. முடிவில் இரு நகரிலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களை அழைத்து வெளியீட்டு நாள் நடத்த 3,000.

பயணச் செலவை எதை வைத்துக் கணக்கிடுவது என்று தடுமாற வேண்டாம். பயணப் பிரிவுக்கென ஒரு தூர அட்டவணை உண்டு. 2024 வழிகாட்டியில் 500 முதல் 1,999 கிலோமீட்டருக்கு ஒருவருக்கு 309 யூரோ, ரயில் போன்ற மாசு குறைந்த வழியில் போனால் 417 யூரோ. போக வர இரண்டுக்கும் சேர்த்து. சிறு கூட்டாண்மைக்கு அது கட்டாயமில்லை என்றாலும் அதை ஒட்டிக் கணக்குப் போட்டால் மதிப்பீட்டாளர் புருவம் உயர்த்தமாட்டார்.

இனி, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். சிறு கூட்டாண்மைக்கு மதிப்பெண் நான்கு தலைப்பில்: பொருத்தம் 30, திட்ட வடிவமைப்பு 30, கூட்டாளிகள் 20, தாக்கம் 20. மொத்தம் 60 எடுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு தலைப்பிலும் பாதியாவது எடுத்தாக வேண்டும். தாக்கத்தில் 9 வாங்கி மற்றதில் அள்ளிக் குவித்தாலும் தோல்விதான். தமிழ் அமைப்புகள் வழக்கமாக அடிவாங்குவது இந்தத் தாக்கத்தில். “பிள்ளைகள் தமிழ் கற்பார்கள்” என்று எழுதினால் அது உங்கள் பள்ளியின் அன்றாட வேலை. அந்தப் பாட அலகுகளைத் துருக்கிய, அரபு, போலிஷ் தாய்மொழிப் பள்ளிகளும் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளும்படி மாதிரியை ஜெர்மனிலும் நார்வீஜியனிலும் வெளியிடுவோம் என்று எழுதிப் பாருங்கள், படம் மாறிவிடும். பிள்ளைகளின் வீட்டுமொழியை வகுப்பறை மதிக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகள் 2019 மே மாதம் ஒரு பரிந்துரையையே ஏற்றிருக்கின்றன. அதை ஒரு வரியில் தொட்டுக்காட்டுங்கள். பத்தி பத்தியாக மேற்கோள் காட்ட வேண்டாம், அதை எழுதியவர்களே படித்துச் சலித்திருப்பார்கள்.

இன்னொன்று. உருவாக்கும் பாடப்பொருளைத் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் தர வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே அச்சிலிருக்கும் பாடநூலின் படங்களை ஸ்கேன் எடுத்துச் சேர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஓவியரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

விண்ணப்பத்தை எங்கே, எப்படிப் பதிவது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். – வாசகி, லியோன்

இரண்டு வாசல்கள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். எராஸ்மஸின் பெரும்பகுதியை ஒவ்வொரு நாட்டின் தேசிய முகமை நடத்துகிறது. பிரான்ஸில் கல்விக்கான முகமை போர்தோவில் இருக்கிறது, இளையோர் பிரிவு வேறு முகமையிடம். ஜெர்மனியில் நான்கு முகமைகள்: உயர்கல்விக்கு ஒன்று, தொழிற்கல்வி மற்றும் முதியோர் கல்விக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, இளையோருக்கு ஒன்று. கிரியேட்டிவ் யூரோப்பும் பெரிய எராஸ்மஸ் திட்டங்கள் சிலவும் பிரஸ்ஸல்ஸில் உள்ள நிர்வாக முகமை வழியாக நேரே போகின்றன.

எந்த வாசலானாலும் முதலில் ஈயூ லாகின் கணக்கு வேண்டும். அதைச் சங்கத்தின் பொது மின்னஞ்சலில் திறங்கள். செயலாளரின் சொந்த ஜிமெயிலில் திறந்தால், அடுத்த ஆண்டு நிர்வாகக் குழு மாறும்போது கடவுச்சொல்லுக்கு அலைய நேரும். தேசிய முகமை வழி போனால் அமைப்புக்கு ஓஐடி என்ற எண் எடுக்க வேண்டும். அது E என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கத்துடன் வரும். பிரஸ்ஸல்ஸ் வழி என்றால் பிக் என்ற ஒன்பது இலக்க எண். ஒன்று இன்னொன்றுக்கு உதவாது. கூட்டாளி அமைப்புக்கும் தனி எண் வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடித்து மூச்சுத் திணறுபவர்கள் ஏராளம்.

இறுதி நேரத்தையும் கவனியுங்கள். தேசிய முகமைகளுக்கு பிரஸ்ஸல்ஸ் நேரப்படி நண்பகல் 12 மணி. பிரஸ்ஸல்ஸ் முகமைக்கு வழக்கமாக மாலை 5 மணி. “இன்று கடைசி நாள், ராத்திரிக்குள் அனுப்பிவிடலாம்” என்ற நம்பிக்கை பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சிறு கூட்டாண்மைக்கு வழக்கமாக மார்ச் தொடக்கத்தில் ஒன்று, அக்டோபர் தொடக்கத்தில் ஒன்று என இரண்டு கெடு. மார்ச்சில் போட்டால் அதே ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் திட்டம் தொடங்க வேண்டும். அக்டோபரில் போட்டால் மறு ஆண்டு ஜனவரி முதல் ஆகஸ்டுக்குள். கோடை விடுமுறையில் பட்டறை வைக்க நினைத்தால் எந்தக் கெடு என்பதை இதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இணைப்பில் வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில் அமைப்பின் சட்டப்படியான பிரதிநிதிதான் கையெழுத்திட வேண்டும். சங்க விதியில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து என்றிருந்தால் இருவரும்.

ஓர் ஆலோசகர் விண்ணப்பம் எழுதித் தருகிறேன், கிடைத்தால் பத்து சதவீதம் கொடுங்கள் என்கிறார். நியாயமா? – வாசகர், பாரிஸ்

நியாயம் இருக்கட்டும், விதியே இடம் தருவதில்லை. தேசிய முகமை வழி போகும் விண்ணப்பத்தை எழுத வெளியாருக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று எராஸ்மஸ் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அது விண்ணப்பிக்கும் அமைப்பின் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். திட்டம் தொடங்குமுன் ஆகும் செலவைத் திட்டப் பணத்தில் காட்டவும் முடியாது. அப்படியானால் அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து போகும்? உங்கள் பட்டறைச் சாப்பாட்டிலிருந்து. இத்தகையவர்கள் ஒரே வாசகத்தைப் பெயர் மாற்றி நாலு சங்கத்துக்கு விற்பதும் உண்டு. ஒன்றுபோல் இருந்தால் எல்லாமே நிராகரிக்கப்படலாம். முகமைகள் இலவசமாக ஆலோசனைக் கூட்டம் நடத்துகின்றன. தொலைபேசியில் கேட்டால் யோசனை பொருந்துமா என்று சொல்லிவிடுவார்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பரதநாட்டிய ஆசிரியை நான். மாணவியின் அரங்கேற்றத்துக்கு கிரியேட்டிவ் யூரோப் உதவுமா? – பாரிஸ் புறநகர்

உதவாது. ஆனால் ஒரு கலைஞராக உங்களுக்கே ஒரு வழி இருக்கிறது: ‘கல்ச்சர் மூவ்ஸ் யூரோப்’. 2022இல் தொடங்கியது, ஜெர்மனியின் பண்பாட்டு அமைப்பான கோத்தே நிறுவனம் நடத்துகிறது. கிரியேட்டிவ் யூரோப் நாடொன்றில் சட்டப்படி வசிப்பவர், 18 வயது தாண்டியவர், இன்னொரு கிரியேட்டிவ் யூரோப் நாட்டில் உள்ள கூட்டாளியிடம் போய் வேலை செய்ய உதவுவது. நிகழ்த்துகலை அதில் அடங்கும். தேடுதல், படைத்தல், கற்றல், தொடர்பு ஏற்படுத்துதல் என்று நோக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள்.

தனியாகப் போனால் 7 முதல் 60 நாள், இரண்டு முதல் ஐந்து பேர் குழுவாகப் போனால் 7 முதல் 21 நாள். நாளுக்கு 75 யூரோ, பயணத்துக்கு 5,000 கிலோமீட்டர் வரை 350 யூரோ என்ற கணக்கில் இத்திட்டம் தொடங்கியது. லிஸ்பனில் ஒரு நடன அமைப்பாளரோடு 21 நாள் வேலை என்றால் 1,575 கூட்டல் 350, ஆக 1,925 யூரோ. லிஸ்பனில் அறை வாடகை போக மிச்சம் அதிகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். குழந்தையோடு போவோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் கூடுதல் தொகை உண்டு.

விண்ணப்பத்தில் அழைப்புக் கடிதம் முக்கியம். “இவர் சிறந்த கலைஞர், வரவேற்கிறோம்” என்ற பொதுப்படையான கடிதத்துக்கு மதிப்பில்லை. எந்தத் தேதியில், எந்தக் கூடத்தில், இருவரும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அதில் இருக்க வேண்டும். “அலாரிப்பின் திஸ்ர நடையை அவர் உடல்மொழியோடு சேர்த்துப் பதினைந்து நிமிடப் படைப்பு, 19ஆம் நாள் திறந்த ஒத்திகை” என்பது போல. சென்னைக்குப் போய் குருவிடம் கற்க இதில் இடமில்லை, சேருமிடமும் திட்டநாடாக, அதாவது அத்திட்டத்தில் சேர்ந்த நாடாக இருக்க வேண்டும்.

உங்கள் பள்ளி பதிவுபெற்ற அமைப்பாக இருந்து, வேறு இரு நாட்டு அமைப்புகளும் சேர்ந்தால் ‘சிறு ஒத்துழைப்புத் திட்டம்’ போடலாம். மூன்று நாடு, மூன்று அமைப்பு, அதிகபட்சம் 2,00,000 யூரோ. அதில் ஒன்றியம் 80 சதவீதம்தான் தரும், மீதி 20 சதவீதம் நீங்கள் காட்ட வேண்டும். நடுத்தரத் திட்டத்துக்கு ஐந்து நாடு, 10 லட்சம், 70 சதவீதம். பெரியதற்குப் பத்து நாடு, 20 லட்சம், 60 சதவீதம். தொகை ஏற ஏற உங்கள் பங்கும் ஏறுவதைக் கவனியுங்கள். தலைமை அமைப்பு குறைந்தது இரண்டு ஆண்டாவது சட்டப்படி இயங்கியிருக்க வேண்டும். முதல் தடவை தலைமை ஏற்காமல், அனுபவமுள்ள ஓர் அமைப்பின் கீழ்க் கூட்டாளியாகச் சேருங்கள் என்பதே எங்கள் கருத்து.

போலிஷ் நாவல்களைத் தமிழில் கொண்டுவர விரும்புகிறோம். ஐரோப்பிய மொழிபெயர்ப்பு நிதி உண்டா? – பதிப்பாளர், சென்னை

கிரியேட்டிவ் யூரோப்பில் இல்லை. அதில் மூலமொழியும் இலக்குமொழியும் திட்டநாடுகளில் சட்டப்படி அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். தமிழ் இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி, ஐரோப்பாவில் எங்கும் இல்லை. தமிழிலிருந்து ஜெர்மனுக்கு என்றாலும் இதே தடைதான்.

உங்களுக்கு உகந்தவை தேசிய நிறுவனங்கள். போலந்தின் புத்தக நிறுவனம், நார்வேயின் நோர்லா, கோத்தே நிறுவனம் ஆகியவை தங்கள் நாட்டு நூலை வெளியிடும் அயல்நாட்டுப் பதிப்பாளருக்கு மொழிபெயர்ப்பு மானியம் தருகின்றன. பிரெஞ்சு நூல்களுக்கு இந்தியாவிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் தாகூர் பதிப்புதவித் திட்டம். பொதுவாக உரிமை ஒப்பந்தம், மொழிபெயர்ப்பாளர் ஒப்பந்தம், அவருடைய அனுபவக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். நூல் அச்சேறிய பிறகு போய்க் கேட்டால் பயனில்லை. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மூலத்திலிருந்து நேராகச் செய்பவருக்கே முன்னுரிமை.

என் மகன் திருச்சியில் பொறியியல் இறுதியாண்டு. எராஸ்மஸ் முண்டஸ் என்கிறார்களே, உண்மையிலேயே முழுச் செலவும் தருவார்களா? – தாய், திருச்சி

உண்மைதான். எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலை என்பது குறைந்தது மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு. உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வரும். இரண்டாண்டுப் படிப்புக்கு 33,600 யூரோ. விமானம், விசா, வீட்டு வாடகை எல்லாம் அதற்குள்தான், தனியாக எதுவும் வராது. இந்திய மாணவர்கள் ஆண்டுதோறும் இந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறார்கள், அதனால் போட்டி உங்கள் மகனுக்குத் தன் நாட்டாரோடேயே.

விண்ணப்பம் நேரே அந்தந்தப் படிப்பின் தளத்தில். பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள். ஏஜெண்ட் தேவையில்லை. இறுதியாண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம், படிப்பு தொடங்குமுன் பட்டம் கையில் இருந்தால் போதும். பல்கலைக்கழகம் தற்காலிகச் சான்றிதழ் தரத் தாமதித்தால்தான் வினை. அதற்கு இப்போதே மனுப் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

எதிர்பாராமல் இடறும் இடம் விசா. குறைந்தது இரண்டு நாட்டில் படித்தாக வேண்டும். முதல் நாட்டில் எடுக்கும் வதிவிட அனுமதியோடு, இத்தகைய ஒன்றியத் திட்ட மாணவர் இன்னோர் உறுப்பு நாட்டில் 360 நாள்வரை படிக்க 2016இன் 801ஆம் எண் ஒன்றிய ஆணை வழிசெய்கிறது. ஆனால் டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் இல்லை, அங்கே புதிதாக விசா. ஆகவே பிறப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் இரண்டுக்கும் வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, இரண்டு மூன்று பிரதி எடுத்துக் கையோடு கொடுத்தனுப்புங்கள். இரண்டாம் பருவ நடுவில் அங்கிருந்து தாசில்தார் அலுவலகத்துக்கு ஆள் தேடுவது பெரும்பாடு.

ஸ்டுட்கார்ட்டில் மெக்கட்ரானிக்ஸ் தொழிற்பயிற்சி செய்கிறேன். வெளிநாட்டில் கொஞ்சகாலம் வேலை பழக எராஸ்மஸ் உதவுமா, அது பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டுமா? – வாசகர்

இல்லை, உங்களுக்கும் உண்டு. குறுகியது 10 முதல் 89 நாள், நீண்டது 90 நாள் முதல் ஓராண்டு. ஜெர்மன் தொழிற்கல்விச் சட்டப்படி பயிற்சிக்காலத்தில் கால்பங்கு வரை வெளிநாட்டில் கழிக்கலாம். மூன்றரை ஆண்டுப் பயிற்சிக்குப் பத்து மாதத்துக்குமேல். பயிற்சி ஊதியம் தொடரும். தொழில்-வணிகச் சபைகளிலும் கைவினைச் சபைகளிலும் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், முதல் அழைப்பு அங்கேதான். இரண்டுகட்டத் தேர்வின் முதல் பகுதிக்கு முன் போவதா, பின்னர் போவதா என்பதை நிறுவனத்தோடு பேசி முடிவுசெய்யுங்கள். பின்னர் போவதே வசதி.

சுவிஸில் இருக்கிறோம். எங்களுக்கு? – சூரிச்

2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு எதிரான வாக்கெடுப்புக்குப் பிறகு சுவிஸ் எராஸ்மஸிலிருந்து வெளியே. 2025 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் 2027ஐ மீள்நுழைவு ஆண்டாக வைத்திருக்கிறது. இதுவரையிலான மாற்று வழி, சோலோதுர்னில் இயங்கும் மொவெத்தியா என்ற சுவிஸ் முகமை. ஜெர்மன் அல்லது பிரெஞ்சு அமைப்பு தலைமை தாங்கும் மூன்று நாட்டு ஒத்துழைப்புக் கூட்டாண்மையில் நீங்கள் கூட்டாளியாகச் சேர்ந்து, உங்கள் பங்குச் செலவை மொவெத்தியாவிடம் கேட்கலாம். சிறு கூட்டாண்மையில் அதற்கும் வழியில்லை.

மகளுக்கு மார்ச்சில் 18 ஆகிறது. ரயில் டிக்கெட் இலவசமாகத் தருகிறார்களாமே? – பெர்கன்

ஆம், அந்தத் திட்டத்தின் பெயர் டிஸ்கவர் ஈயூ. விண்ணப்பம் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்தில் ஒன்றும் அக்டோபர் வாக்கில் ஒன்றும். குடியுரிமை முக்கியமில்லை, திட்டநாட்டில் சட்டப்படி வசித்தால் போதும். விண்ணப்பத்தில் ஐந்து வினாடி-வினாக் கேள்வி, அதோடு எண்ணை ஊகிக்கும் கேள்வி ஒன்று. சமமாக வருவோரை அந்த ஊகத்துக்கு அருகில் இருப்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். பிறந்த தேதி எல்லை சுற்றுக்குச் சுற்று மாறும். தவறவிட்டால் மகளுக்கு 19 ஆகிவிடும், அதனால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். அதிவிரைவு ரயில்களுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி, அதை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.